நுனி நாக்கில் நிற்கும் பாட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரித் தோழிகள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் சினிமாப் புதிர் விளையாட ஆரம்பித்தோம். முதல் வாரம் ஒரே அமர்க்களம். இப்போது ஒருத்தி மட்டும் கேள்வி விழுந்த மறுநொடி பதில் போடுகிறாள், மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. அவளை விலக்கவும் மனசில்லை. என்ன செய்வது?
(வாசகி, ஓமலூர்)

அவர் இருக்கட்டும். முதலில் பதில் போட்டவருக்கே மார்க் என்ற விதியைத் தூக்கி விடுங்கள். வாட்ஸ்அப்பில் யார் முந்தினார்கள் என்பதை நம்பி மார்க் போட முடியாது. நல்ல சிக்னலில் இருப்பவர் பதில் சட்டென்று வந்து விழும். ஒரே ஒரு கோடு சிக்னலில் உட்கார்ந்திருப்பவர் அதே நேரத்தில் தட்டியிருந்தாலும் பின்னால்தான் வரும். எங்கள் குழுவில் பதிலைப் பொதுவில் போடக்கூடாது, கேள்வி கேட்டவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். ஐந்து நிமிடம் அவகாசம். அதற்குள் வந்த சரியான பதில் எல்லாவற்றுக்கும் ஒரே மார்க். நிதானமாக யோசிக்கிறவர்கள் இதற்குப் பிறகுதான் விளையாட வருவார்கள்.

அடுத்தது, ஒரே வரியில் கேள்வி கேட்காதீர்கள். குறிப்பு குறிப்பாக இறக்குங்கள். முதல் குறிப்பிலேயே கண்டுபிடித்தால் ஐந்து மார்க், இரண்டாவதில் நான்கு, அப்படியே ஒன்று வரைக்கும். முதல் குறிப்பு கஷ்டமாக இருக்கட்டும். கடைசிக் குறிப்பு மட்டும் குழுவில் எல்லாருக்குமே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். ஒரு கேள்வியை யாருமே கண்டுபிடிக்கவில்லை என்றால் அந்தக் கேள்வி தோற்றுவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

இதை நான் கற்றது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கேசட் கடை வைத்திருந்த காலத்தில். வருகிறவர்கள் அறுபது நிமிடக் காலி கேசட்டும் ஒரு துண்டுச் சீட்டும் கொடுப்பார்கள், அதில் எழுதியிருக்கிற பாட்டுகளைப் பதிவு செய்து தர வேண்டும். சீட்டில் பாதி பாட்டுக்கு முதல் வரியே இருக்காது. கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா ஒரு நாள் வந்து நின்றார். "ஒரு பாட்டுங்க. மலை மேல ஏறிப் போவாங்க. அவன் ஆசையாத்தான் கூப்பிடுவான், ஆனா கேட்டா நமக்குப் பகீர்னு இருக்கும்" என்றார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை. "ஆண் குரல் மட்டுமா, ரெண்டு பேருமா?" என்றேன். "ரெண்டு பேருங்க." "பழசா?" "எங்கம்மா பாடுவாங்க." "கடைசியில அவன் நினைச்சது நடக்குதா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். "இல்லீங்க, அவதான் அவனைத் தள்ளி விட்டுருவா!" என்று சொன்ன கையோடு முதல் வரியைப் பாடியே விட்டார். 'வாராய் நீ வாராய்'. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது, ஜி.ராமநாதன் இசை, 1950-இல் வந்த 'மந்திரி குமாரி'. அந்தப் பாட்டை நானே எடுத்துச் சொல்லியிருந்தால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். தானாக வந்து விழுந்ததால் கடையில் நின்றவர்கள் எல்லாரிடமும் அந்தக் கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

உங்கள் வேகமான தோழியை வாரத்தில் ஒரு நாள் கேள்வி கேட்கிற இடத்தில் உட்கார வையுங்கள். நிறையத் தெரிந்தவர்கள் குறிப்பு இறக்கப் பழகிவிட்டால் அவர்களைப் போல ஆட்டம் நடத்த ஆள் கிடையாது.

கேள்வி: கேள்வி போட்டதுமே கூகுளில் தேடிப் பதில் போடுகிறார்கள். தடுக்க வழி உண்டா?
(வாசகர், கோரிமேடு)

ஆளைத் தடுக்க முடியாது, கேள்வியை மாற்றலாம். பாட்டு வரியை அப்படியே போட்டால் தேடிவிடுவார்கள். முனகினாலே பாட்டைச் சொல்லும் வசதியை கூகுள் 2020-இலேயே கொண்டு வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பத்து பதினைந்து நொடியாவது முனக வேண்டும். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வருகிற இசையில் மூன்று நொடியை மட்டும் நீங்களே வாயால் வாசித்து வாய்ஸ் நோட் அனுப்புங்கள். மனுஷக் காதுக்கு அது போதும்.

இன்னொரு வழி, வரியின் அர்த்தத்தைப் பேச்சு வழக்கில் சொல்வது. மேலே சொன்ன பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "சீக்கிரம் வா, ரொம்பத் தூரமெல்லாம் இல்லை, பக்கத்துலதான்" என்று போட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரர் சொல்கிற மாதிரி இருக்கும், யாராலும் தேட முடியாது. ஆனால் பாட்டு தெரிந்தவருக்குப் பத்து நொடியில் பொறி தட்டும். எங்கள் குழுவில் எல்லாருக்கும் பிடித்த சுற்று இதுதான்.

பதிலைப் பொதுவில் போடுகிற குழு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்த முடியும். திருத்திய செய்திக்குக் கீழே அதற்கான அடையாளம் இருக்கும். அந்த அடையாளம் இருந்தால் மார்க் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் வீடு. வீடியோ காலில் விளையாடும்போது பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறது, சில நேரம் கேட்பதே இல்லை. நெட் மட்டும்தான் காரணமா?
(வாசகி, ஏற்காடு)

பாதிதான் நெட். மீதிப் பாதி அந்தச் செயலிகளின் வேலை. மனுஷன் பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பின்னால் வரும் சத்தத்தை அவை அமுக்கிவிடும். ஸ்பீக்கரில் நீங்கள் போடுகிற வயலினும் அதற்குச் சத்தம்தான். ஜூமில் அமைப்புகளுக்குள் போனால் ஒலியை அப்படியே அனுப்பும் வசதி இருக்கிறது, அதைப் போட்டு விடுங்கள். கம்ப்யூட்டரில் இருந்து நடத்தினால் திரையைப் பகிரும்போது ஒலியையும் சேர்த்துப் பகிருங்கள். மைக்குக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பாட்டுப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சிக்னல் மோசமான நாளில் நேரலை வேண்டாம். காலையில் ஒரு வாய்ஸ் நோட், ராத்திரி விடை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் போய் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா? என் ஏற்காட்டு நண்பர் ஒருவர் கீழே இறங்கும்போது கேள்வியை எடுத்துக்கொள்வார், மேலே ஏறும்போது யோசிப்பார், வீடு போய்ச் சேர்ந்ததும் பதில் வரும். இப்படி நாள் முழுக்க மண்டைக்குள் ஓடுகிற புதிரில் ஒரு தனி ருசி இருக்கிறது. எனக்கு நேரலையைவிட இதுதான் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் குழுவில் மதுரை, கோவை, சிங்கப்பூர் நண்பர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாள் தங்கள் ஊர் பற்றிய சினிமாச் சுற்று நடத்துகிறார்கள். அடுத்த வாரம் என் முறை. சேலத்தைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?
(கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை)

தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாமா! ஏற்காடு சாலையில் போகும்போது ஒரு வளைவு நிற்கிறதே, அதன் கீழ் நின்று ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போடுங்கள். அதுதான் முதல் கேள்வி. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் அது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே வளாகத்தில். மெட்ராஸுக்குப் போகாமல் சேலத்திலேயே ஒரு படத்தைத் தொடங்கி முடித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து போயிருக்கின்றன. முதல் படம் 1937-இல் 'சதி அகல்யா'.

இதில் எதைக் கேட்டாலும் குழு அசந்து போகும். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்', 1938. தயாரித்தவர் நம் சுந்தரம். மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961), அதை இயக்கியதே அவர்தான். குழுவில் கேரளத்து நண்பர் இருந்தால் இந்த இரண்டையும் அவரிடமே கேட்டுப் பாருங்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956, கேவா கலர் என்ற வண்ணச் சுருளில் எடுத்தது, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. தமிழில் ஒரு கதாநாயகன் முதன்முதலாக இரட்டை வேடம் போட்டது 1940-இல், பி.யு.சின்னப்பா, 'உத்தம புத்திரன்'. மனோரமா கதாநாயகியாக நடித்த 'கொஞ்சும் குமரி' 1963. ஜெய்சங்கர் துப்பறிந்து துப்பாக்கி தூக்கிய 'வல்லவன் ஒருவன்' 1966, 'சி.ஐ.டி. சங்கர்' 1970. எல்லாமே நம் ஊர்த் தயாரிப்பு. ஹாலிவுட் கம்பெனியோடு சேர்ந்து 1952-இல் 'தி ஜங்கிள்' என்று ஓர் ஆங்கிலப் படமே எடுத்திருக்கிறார்கள். கடைசிக் கேள்வியாக அதை வைத்துக்கொள்ளுங்கள், மதுரைக்காரர் வாயடைத்துப் போவார்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பதில் ஒன்றே ஒன்றாக இருக்கிற மாதிரி கேள்வியை அமைக்க வேண்டும். "உத்தம புத்திரனில் நடித்தது யார்?" என்று மொட்டையாகக் கேட்டால் சின்னப்பா என்பார் ஒருவர், சிவாஜி என்பார் இன்னொருவர், தனுஷ் என்பார் மூன்றாமவர். 1940, 1958, 2010 என்று மூன்று படம் உண்டு, மூவர் சொன்னதும் சரி. ஆண்டைச் சேர்த்துக் கேளுங்கள். 'மந்திரி குமாரி'யை இயக்கியது யார் என்றாலும் இதே தொல்லை. எல்லிஸ் ஆர்.டங்கன், டி.ஆர்.சுந்தரம் என்று இரண்டு பெயர் போடுவார்கள். அதனால் அந்தப் படத்தில் வசனம் யார் என்று கேளுங்கள், கலைஞர் கருணாநிதி என்று ஒரே பதில் வரும். "முதல்" என்று தொடங்குகிற கேள்விகள் இன்னும் மோசம். எஸ்.பி.பி.யின் முதல் தமிழ்ப் பாட்டு எது என்று கேட்டு எத்தனை குழு உடைந்ததோ! வெளிவராமலே போன ஒரு படத்துக்கு எல்.ஆர்.ஈஸ்வரியோடு பாடியது என்பார் ஒருவர். 'சாந்தி நிலையம்' என்பார் அடுத்தவர். 'அடிமைப் பெண்' என்பார் இன்னொருவர். பதிவானதைக் கேட்கிறீர்களா, திரைக்கு வந்ததைக் கேட்கிறீர்களா என்று சொல்லிவிட்டால் சண்டையே இல்லை. 1969-இல் திரைக்கு முந்தியது 'அடிமைப் பெண்'.

கேள்வி: ஆன்லைனில் பாட்டுக்குப் பாட்டு விளையாடும்போது கடைசி எழுத்தை வைத்துத் தினமும் தகராறு. "ழ"வில் முடித்தால் அடுத்தவர் என்ன செய்வார்?
(வாசகர், ஆத்தூர்)

இலங்கை வானொலியிலும் அப்புறம் சன் டிவியிலும் பி.எச்.அப்துல் ஹமீது 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர் எழுத்தைச் சொல்கிற அழகுக்காகவே கேட்போம். தமிழில் ண, ழ, ள, ற, ன எழுத்துகளில் சொல் தொடங்காது. அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ன, ண வந்தால் ந. ழ, ள வந்தால் ல. ற வந்தால் ர. மெய்யெழுத்தில் முடிந்தால் அதன் உயிர்மெய் வரிசையில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ரகரத்துக்குப் பயப்பட வேண்டியதே இல்லை, 'ராசாத்தி உன்ன', 'ராக்கம்மா கையத் தட்டு' என்று வரிசையாக வரும். லகரத்தில்தான் திண்டாட்டம். 'லேசா லேசா' ஒரு தடவை பாடியாகிவிட்டால் குழு கூரையைப் பார்க்கும். அதனால் ல வந்தால் மட்டும் இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

ஆன்லைனில் இன்னொன்று. ஒருவர் பாட, மற்றவர்கள் கூடவே பாடுவது நடக்காது. ஒவ்வொருவர் குரலும் வந்து சேர ஒவ்வொரு நேரம் ஆகும், கோரஸ் கந்தலாகிவிடும். பாடுகிறவர் தவிர மற்றவர்கள் மைக்கை அணைத்துவிடட்டும். கைதட்ட எமோஜி இருக்கிறது.

கேள்வி: நாங்கள் துபாயில் இருக்கிறோம், அம்மா மேட்டூரில், தம்பி சிங்கப்பூரில். நட்பு வட்டமும் குடும்பமுமாகச் சேர்ந்து விளையாடுகிறோம். பிள்ளைகளுக்குப் புதுப் பாட்டுதான் தெரியும், அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டு விழிக்கிறோம்.
(வாசகி, துபாய்)

நேரத்தை முதலில் சரி பண்ணுங்கள். மேட்டூரில் இரவு ஏழரை என்றால் உங்களுக்கு மாலை ஆறு, தம்பிக்கு இரவு பத்து. அதைத் தாண்டினால் தம்பி கொட்டாவி விடுவார்.

அணியைப் பிரிக்கும்போது அம்மாவையும் ஒரு பேரப்பிள்ளையையும் ஜோடி சேருங்கள். பேரனுக்கு எமோஜி படிக்க வரும், பாட்டிக்குப் படம் தெரியும். மூன்று என்ற எண்ணும் பிறை நிலாவும் போட்டால் பேரன் படித்துச் சொல்வான், 'மூன்றாம் பிறை' என்று பாட்டி முடிப்பார். இதயம், கிள்ளுகிற விரல்கள், அதன் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுப் பாருங்கள். 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' வந்து விழும்போது அந்த ஜோடி போடுகிற சத்தம் மேட்டூர் அணைக்கே கேட்கும்.

தொலைக்காட்சிச் சுற்றையும் மறக்காதீர்கள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' அம்மாவுக்கு. நாகா இயக்கிய 'மர்மதேசம்' உங்களுக்கு, 'விடாது கருப்பு' என்று சொன்னாலே உங்கள் வயதுக்காரர்கள் குதிரைச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். ராதிகாவின் 'சித்தி', திருமுருகனின் 'மெட்டி ஒலி', தேவயானி நடித்த 'கோலங்கள்' எல்லாருக்கும் பொது. சீரியலின் தலைப்புப் பாட்டைத் தினமும் கேட்டவர்கள் நாம், ஆனால் அதை இரண்டாவது வரிக்கு மேல் பாடச் சொல்லுங்கள் பார்க்கலாம். நல்ல போட்டி.

நடிகர் நடிகையின் கல்யாணம், பிரிவு, சம்பளம் பற்றிய கேள்விகளை மட்டும் சேர்க்காதீர்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அது வேண்டாம். எந்த இடத்திலும் வேண்டாம் என்பது என் கட்சி.

கேள்வி: புதிர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் "உங்கள் முதல் பள்ளி எது, அம்மாவின் பிறந்த ஊர் எது, கண்டுபிடிப்போம்" என்று ஒரு சுற்று ஆரம்பித்தார். விளையாடலாமா?
(வாசகர், சூரமங்கலம்)

வேண்டாம். பாஸ்வேர்டு மறந்தால் பல கணக்குகளில் கேட்கிற கேள்விகள் அப்படியே இவைதான். அவர் விவரம் தெரியாமல் கேட்டிருக்கலாம். ஆனாலும் சினிமாவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் நேரில் பார்த்தே இராத ஒரு தோழி, பாட்டுப் புதிரில்தான் பழக்கம். பழைய பாட்டு என்றால் அவர்தான். கொஞ்ச நாளாக வருவதில்லை. "ஏன் வரவில்லை" என்று கேட்பது தலையிடுவது போல் இருக்குமோ என்று தயங்குகிறேன்.
(வாசகி, கன்னங்குறிச்சி)

தயங்காதீர்கள், ஆனால் காரணம் கேட்காதீர்கள். அவர் வீட்டில் என்ன நடக்கிறதோ, சொல்லத் தோன்றினால் அவரே சொல்வார். தனியாக ஒரு புதிர் அனுப்புங்கள், அவருக்கு நிச்சயம் பதில் தெரிந்த பாட்டாக இருக்கட்டும். கூடவே "இதை இங்கே யாருக்கும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, நீங்கள் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள்" என்று எழுதுங்கள். பொய்க்காக எழுத வேண்டாம், உண்மையிலேயே குழுவில் யாருக்கும் வராத ஒன்றை எடுத்து அனுப்புங்கள். எங்கள் குழுவில் ஒருவர் அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தபோது இப்படித்தான் அனுப்பினோம். வெறும் படப் பெயர் மட்டும் பதிலாக வந்தது. அடுத்த நாளும் ஒன்று அனுப்பினோம். வலி பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பி.சுசீலா பாட்டாகத் தேடித் தேடி அனுப்பினோம், அவ்வளவுதான். பதில் வராவிட்டாலும் அவர் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிடாதீர்கள். மார்க் பட்டியலில் அவர் பழைய மார்க்கோடு அப்படியே இருக்கட்டும்.

இந்த இதழுக்கான புதிர், வாசகர்கள் எல்லாருக்கும்:

முதல் குறிப்பு, ஐந்து மார்க்: 1980-இல் ரஜினிகாந்த் நடித்து வந்த இரண்டு படங்களின் பெயர்கள் 2007-இல் மறுபடியும் போஸ்டரில் ஏறின.
இரண்டாவது, நான்கு மார்க்: இரண்டிலும் கதாநாயகர் வேறு வேறு ஆள்.
மூன்றாவது, மூன்று மார்க்: ஒன்றில் பழைய கதையே திரும்ப வந்தது, மற்றதில் பெயர் மட்டும்தான் பழசு.
நான்காவது, இரண்டு மார்க்: ஒருவர் அஜித், இன்னொருவர் தனுஷ்.
ஐந்தாவது, ஒரு மார்க்: தனுஷ் படத்தில் ஒரு பைக் காணாமல் போகும்.

எத்தனையாவது குறிப்பில் பிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு பெயரும் வேண்டும், ஒன்று மட்டும் எழுதினால் பாதி மார்க்.